இரட்டைப் பதிவு

கணினித் திரையில் நீல ஜன்னல் மறுபடியும் திறந்தது. வெள்ளை எழுத்தில் அதே வரி மறுபடியும் வந்தது.

'அண்ணா, இது பழைய ஷெல். புதுசைப் போடு.'

"போட்டாச்சும்மா," என்றார் அடைவுக்காரர், திரையைப் பார்த்து. "காலையிலேயே போட்டுத் தொலைச்சாச்சு."

திரை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வரிக்குக் கீழே ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மினுக்கிக்கொண்டிருந்தது, வேறு ஏதாவது சொல்வதற்கு இருக்கிறதா என்று கேட்பதுபோல.

அந்த வரியை எழுதி வைத்தவள் அவருடைய தங்கை, கணினிக்கு நிரல் எழுதுபவள். பேச்சு தமிழ், எழுத்து மட்டும் ஆங்கிலம். அந்த நீல ஜன்னலில் தமிழ் எழுத்தைப் போட்டால் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. அன்றைக்கு அதுவும்கூட அவருக்கு எரிச்சலாக இருந்தது.

அச்சகத்திலும் பதிப்பகத்திலும் அவரை அடைவுக்காரர் என்றுதான் சொல்வார்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகர வரிசையில் அடுக்கியிருக்குமே, அந்தச் சொல்லடைவைத் தயாரித்துக் கொடுப்பது அவர் தொழில். நன்றாகச் செய்தால் யாரும் கவனிக்காத வேலை. அவருக்கு அது பிடித்திருந்தது. நாள் முழுக்க யாரோடும் பேசாமல் அடுத்தவர் எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

இப்போது கையில் இருந்தது பாலங்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம். எழுதியவர் ஓய்வு பெற்ற பொறியாளர். தான் கட்டிய பாலங்களைப் பற்றி எழுதியதைவிட, அவற்றில் வேலை பார்த்தவர்களைப் பற்றித்தான் நிறைய எழுதியிருந்தார். ஆற்றுக்குள் முங்கி அடித்தளம் பார்த்தவர்கள், இரும்பை முடுக்கியவர்கள், கலவை சுமந்த பெண்கள் என்று எல்லாரையும் பெயர் சொல்லியே எழுதியிருந்தார். அடைவுக்காரரிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "என் புத்தகத்த முழுசா யாரும் படிக்க மாட்டாங்க சார். ஆனா அவங்க பிள்ளைங்க வந்து எங்கப்பா பேரு எங்க இருக்குன்னு தேடுவாங்க. தேடினா கிடைக்கணும்."

கிடைக்கும் என்று அடைவுக்காரர் சொல்லியிருந்தார். சொன்னபடி ஒவ்வொரு பெயருக்கும் புத்தகத்தின் கோப்பிலேயே ஒரு குறி வைத்திருந்தார். அந்தக் குறிகள் எந்தெந்தப் பக்கத்தில் விழுகின்றன என்று பொறுக்கியெடுத்து, வரிசைப்படுத்தி, அடைவாகக் கொட்டுவது தங்கை எழுதிக் கொடுத்த நிரல். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நேற்று சாயங்காலம் பதிப்பகத்தில் யாருக்கோ எழுத்து பொடியாக இருப்பதாகத் தோன்றி, ஒரு சுற்றுப் பெரிதாக்கிவிட்டார்கள். பக்கமெல்லாம் நகர்ந்துவிட்டது. அடைவில் இருந்த அத்தனை எண்ணும் ஒரே நொடியில் பொய்யாகிவிட்டது.

போன் அடித்தது. அச்சகக்காரர்.

"என்ன சார், ஆச்சா?"

"ஆகிட்டிருக்கு."

"காலையிலயும் இதையேதான் சொன்னீங்க. அஞ்சு மணிக்கு பிளேட்டு போடணும் சார். நாளைக்கு மெஷின் வேற வேலைக்குப் போயிடும்."

"அஞ்சு மணிக்குக் குடுத்துடுவேன்."

"குடுத்தா போடறேன். இல்லன்னா அடைவு இல்லாமலே அடிச்சிடச் சொல்லிட்டாங்க. எனக்கொண்ணும் வருத்தமில்ல, பக்கம் குறையும்."

அச்சகக்காரர் சற்று நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, லைனில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று யாரிடமோ முணுமுணுத்துக்கொண்டே வைத்துவிட்டார்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். தண்ணீர் வாரியத்தில் தொலைபேசியில் புகார் எடுப்பவள். வாரத்தில் ஆறு நாள், தண்ணீர் வராத ஊர்க்காரர்கள் எல்லாரும் அவள் காதுக்குள் கத்துவார்கள். ஏழாவது நாள் வீட்டில் யாரும் குரலை உயர்த்தக்கூடாது என்பது சட்டம்.

"யாரைத் திட்டிட்டிருக்கீங்க?"

"யாரையும் இல்ல. ஷெல்ல."

"அது என்ன, புது ஆளா?"

அவர் விளக்கினார். ஷெல் என்றால் படமோ பொத்தானோ இல்லாத வெறும் ஜன்னல். எழுத்தில் கட்டளை அடித்தால் எழுத்தில் பதில் சொல்லும். தங்கையின் நிரல் அதற்குள்ளேதான் ஓடும். முன்பு எழுதிக் கொடுத்த நிரல் பழைய ஷெல்லிலேயே ஓடியது. ஆனால் அகர வரிசையில் 'ன'வை 'ந'வுக்குப் பக்கத்திலேயே உட்கார்த்தி வைத்துவிடும். கடைசியில் இருக்க வேண்டிய எழுத்து நடுவில் வந்து நிற்கும். அதைக் கையால் திருத்தவே இரண்டு நாள் பிடிக்கும். அதைச் சொல்லிச் சொல்லி அவர் தங்கையின் உயிரை வாங்கினார். அவளும் உட்கார்ந்து புதிதாக எழுதி அனுப்பினாள். புது நிரலுக்குப் புது ஷெல் வேண்டும். அதைப் போட்டுக்கொள் என்று நிறுவும் கோப்பையும் சேர்த்தே அனுப்பியிருந்தாள்.

"அது எப்ப?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்ச நாளாச்சு."

"மழைக்கு முன்னாடி. நானே கேட்டேன், உங்க தங்கச்சிக்குப் பதில் போட்டீங்களான்னு. வேலை வரும்போது போட்டுப் பாத்துட்டு ஒரேயடியா சொல்றேன்னீங்க."

தங்கையோடு சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. சண்டையாக இருந்தால் சமாதானம் பண்ணிக்கொள்ளலாம். அண்ணனும் தங்கையும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். வாயைத் திறந்தால் வீட்டில் இருப்பது எதுவோ பறந்துபோய்விடும் என்பதுபோல இருப்பார்கள். அந்தக் காலத்தில் வாரம் ஒருமுறை போனில் பேசுவார்கள். பேசுவார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. இவர் வீட்டு மின்விசிறிச் சத்தத்தை அவளும் அவள் வீட்டு மின்விசிறிச் சத்தத்தை இவரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நடுவில் எப்போதாவது, "அப்புறம்?" என்பார் ஒருவர். "அவ்வளவுதான்," என்பார் மற்றவர். அவள் நிரலை அனுப்பிய பிறகு அவர் ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். போட்டுப் பார்த்தபின் சொல்லலாம் என்று இவர் காத்திருந்தார். காத்திருப்பதில் இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள். வாரத்துக்கொரு போன் என்பது நின்று, எப்போது நின்றது என்பதே மறந்துபோகிற அளவுக்கு நாளாகிவிட்டது.

இந்த நிலையில், வேலை ஆகவேண்டும் என்றவுடன் போனை எடுத்து, அம்மா தாயே என்று நிற்க அவருக்கு மனம் வரவில்லை.

"புதுசைப் போட்டீங்கதானே?" என்றாள் மனைவி.

"போட்டேன். வெற்றிகரமா நிறுவப்பட்டதுன்னு அதுவே சொல்லுச்சு."

"அப்புறம் என்ன?"

"இந்த ஐகானை அமுக்கினா பழசுங்குது."

மனைவி புகார் எடுக்கும் குரலுக்கு மாறினாள். "கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பக்கத்து வீட்டுல வருதா?"

அவர் முறைத்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

அடைவுக்காரர் யோசித்தார். எங்கே தப்பு நடந்திருக்கும் என்று நிதானமாகத் தேடினார். கணினியில் இருக்கிற செயலிகளின் வரிசையைத் திறந்து மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டே வந்தவருக்கு ஓரிடத்தில் கண் நின்றது. ஷெல் என்று ஒரு பதிவு. அதற்கடியில் அதே பெயரில், வாலில் ஓர் எண்ணோடு இன்னொரு பதிவு.

அவருக்குச் சுருக்கென்றது. அவர் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. ஒரே ஆள் ஓரிடத்தில் முழுப்பெயரோடும் இன்னோரிடத்தில் பட்டத்தோடும் வருவார். விவரம் இல்லாதவன் இரண்டு பதிவாகப் போட்டுவிடுவான். அந்த ஆளின் பாதி வாழ்க்கை ஒரு பக்கம், மீதி இன்னொரு பக்கம் என்று சிதறிவிடும். இரட்டைப் பதிவைக் கண்டால் ஒன்றை நீக்கி மற்றதோடு சேர்ப்பதுதான் முறை. அவர் கை அதைப் பல வருஷமாகத் தூக்கத்திலும் செய்துவந்திருக்கிறது.

ஆக, இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. எதை நீக்குவது? நீக்கக்கூடியவற்றின் பட்டியலைத் திறந்தார். அதில் எண் வால் போட்டது மட்டும்தான் இருந்தது. வாலில்லாதது அங்கே இல்லவே இல்லை. கணினியே நீக்க விடுவது எதுவோ அதுதான் உபரி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வாலைப் பிடித்து வெளியே தள்ளினார். இரட்டை ஒழிந்தது. மனம் நிறைந்து, திரையிலிருந்த ஐகானை அமுக்கினார்.

நீலம் வந்தது.

'இன்னும் போடலையா? நான் அனுப்பின மெயில்ல இருக்கு, பாரு.'

அடைவுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்பு வந்த வரி இல்லை இது. வேறு வரி. அப்படியானால் இது எத்தனையாவது தடவை என்று அந்த நிரல் எண்ணிக்கொண்டிருக்கிறது. அவர் முரண்டு பிடிப்பார் என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்து, முரண்டின் ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி எழுதி உள்ளே உட்கார்த்தி வைத்திருக்கிறாள்.

"இங்க வந்து பாரு இவ திமிர," என்றார் உள்ளே பார்த்து.

மனைவி கை துடைத்துக்கொண்டே வந்து படித்தாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதுல திமிரு எங்க இருக்கு? ஒழுங்கா கேக்கறா. நானா இருந்தா முதல் வரியிலயே வேற மாதிரி எழுதியிருப்பேன்."

அவர் மெயிலைத் திறந்து, நிறுவும் கோப்பை மறுபடியும் அமுக்கினார். அடுத்து, அடுத்து, சம்மதம், அடுத்து. பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போய் முடிந்தது. வெற்றிகரமாக நிறுவப்பட்டது. வரிசையைத் திறந்து பார்த்தார். மறுபடியும் இரட்டை. களைகூட இரண்டு நாள் பொறுத்துத்தான் முளைக்கும். இதற்கு அந்த நாகரிகம்கூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் நீக்கினார். கணினியை அணைத்துப் போட்டார். ஐகானை அமுக்கினார்.

'சரி விடு. போனை எடு. எனக்குக் கூப்பிடு.'

"மாட்டேன்," என்றார் அடைவுக்காரர்.

மறுபடி நிறுவினார். இந்தத் தடவை ஒவ்வொரு கேள்வியையும் உரக்கப் படித்து, வேறுவேறு கட்டங்களில் குறி போட்டார். நிறுவி முடித்ததும் இரட்டை வந்தது. நீக்கினார். அமுக்கினார்.

நீல ஜன்னல் திறந்தது. ஒன்றும் வரவில்லை. சற்று நேரம் வெறும் நீலமாக இருந்துவிட்டுத் தானே மூடிக்கொண்டது.

இன்னொரு தடவை அமுக்கினார். நீலம், வெறுமை, மூடல். அவ்வளவுதான். அவளுக்கும் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தார். அவள் திட்டியவரைக்கும் தாங்கிக்கொள்ள முடிந்தது; திட்டத் திட்டத் தனக்கும் ஒரு வேகம் இருந்தது. இந்த மௌனத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். எதிராளி பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பதை, அதைப் பிறருக்குக் கொடுத்தே பழகியவர், முதன்முதலாக இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார். அதற்கும் அப்பால், எங்கப்பா பேர் எங்கே என்று புத்தகத்தின் கடைசித் தாளைப் புரட்டுகிற யாரோ ஒருவர் தெரிந்தார். புரட்டிப் பார்த்துவிட்டு, இல்லை போலிருக்கிறது என்று மூடி வைப்பார். பெயர் உள்ளேயே இருக்கும்.

அவர் போனை எடுத்து எண்ணை அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டார்.

மணி இரண்டு தடவைகூட முழுதாக அடிக்கவில்லை.

"ம்," என்றாள் தங்கை.

"நான்தான்."

"தெரியுது."

மின்விசிறிச் சத்தம் கேட்டது. அவள் வீட்டில் அதே விசிறிதான். ஒரு சுற்றுக்கு ஒருமுறை டொக்கென்று தட்டும். சரி பண்ணச் சொல்லி அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். வாசல்நிலையில் சாய்ந்து நின்ற மனைவி கையைச் சுழற்றிக் காட்டினாள்: பேசுங்க, பேசித் தொலைங்க.

"உன் நிரல் ஓட மாட்டேங்குது," என்றார்.

"என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமே வரலையா?" அவள் குரலில் ஏதோ நெகிழ்ந்தமாதிரி இருந்தது, சிரிப்பாகவும் இருக்கலாம். "அப்படின்னா கூப்பிடுன்னு சொன்ன அப்புறமும் அமுக்கியிருக்க. அதுக்கு மேல என்ன எழுதறதுன்னு எனக்குத் தோணல, அண்ணா. விட்டுட்டேன்."

"அஞ்சு மணிக்குக் குடுக்கணும்."

"என்ன பண்ணின, முதல்லேர்ந்து சொல்லு."

அவர் சொன்னார். இரட்டைப் பதிவைக் கண்டுபிடித்ததைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். நீக்கியதையும் சொன்னார். மறுமுனையில் மௌனம் வந்தது. இது வழக்கமான மௌனம் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டிருக்கிற மௌனம்.

"எத்தனை தடவ நீக்கின?"

"ஒவ்வொரு தடவையும்."

"அண்ணா." அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "நீ நீக்கினதுதான் புதுசு."

அவர் கை மவுசை விட்டு விலகியது.

"பழசு கம்ப்யூட்டரோடயே வந்தது. அத நீக்கவும் முடியாது, புதுப்பிக்கவும் முடியாது. புதுசு அதுமேல உக்காராது, பக்கத்துல தனியா உக்காரும். ரெண்டும் ஒரே ஆள் இல்ல. ஒரே பேருள்ள ரெண்டு ஆளு. உன் புத்தகத்துல வந்தா ரெண்டு பதிவாத்தான போடுவ?"

"போடுவேன்," என்றார், மென்று விழுங்கி.

"அந்த ஐகான் நான் முன்னாடி வச்சது. அது பழசத்தான் கூப்பிடும். அத மாத்தச் சொல்லி மெயில்லயே எழுதியிருந்தேன்."

"எங்க எழுதின?"

"கடைசி வரியில."

மனைவி வாசல்நிலையிலிருந்து, "கடைசிப் பக்கம்தான் முக்கியம்னு ஊருக்கெல்லாம் சொல்றவரு," என்றாள்.

"அண்ணியா அது? நல்லா கேளுங்க அண்ணி."

"நான் கேட்டா புகார் எண் குடுப்பாரு உன் அண்ணன்."

அடைவுக்காரர் இருவரையும் பொருட்படுத்தாமல் மறுபடியும் நிறுவினார். அடுத்து, அடுத்து, சம்மதம், அடுத்து. பச்சைக் கோடு ஊர்ந்தது. எதையும் நீக்காதே என்று தங்கை சொன்னாள். நான் ஒன்றும் குழந்தை இல்லை என்றார் அவர். வால் போட்ட பதிவைத் திறந்ததும் கறுப்பாக ஒரு ஜன்னல் வந்தது. நீலத்தைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன கண்ணுக்கு அது இருட்டறைக்குள் நுழைந்ததுபோல இருந்தது.

"இப்ப நான் சொல்றத அப்படியே அடி."

இரண்டு விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார். சிவப்பாக ஒரு பத்தி வந்து விழுந்தது.

"கோபமா ஏதோ சொல்லுது."

"படி."

படித்தார்.

"போல்டர் பேருக்கு நடுவுல இடம் விட்டிருக்கியா?"

"ஆமா. ரெண்டு சொல்லுன்னா நடுவுல இடம் விடாம?"

"அதுக்கு அது புரியாது. பாதியிலயே பேர் முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சுக்கும். முழுசையும் மேற்கோள் குறிக்குள்ள போடு."

"இத்தனை வருஷமா இந்தப் பெட்டிங்களுக்கு எழுதறீங்க, ஒரு இடைவெளியைத் தாங்காதா உங்க ஷெல்லு?"

"என் ஷெல் இல்ல, அண்ணா. நீ குறி போடு."

மேசை மூலையில் மனைவியின் போன் அடித்தது. அச்சகக்காரர். இவருடைய போன் பிஸியாக இருந்ததால் அவளைப் பிடித்திருந்தார். அவள் எடுத்து, வாரியத்தின் குரலில், "உங்க புகார் பதிவாயிடுச்சு சார், ஆளு வேலையிலதான் இருக்காங்க, லைன்லயே இருங்க," என்று சொல்லிப் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

அடைவுக்காரர் குறி போட்டார். அமுக்கினார். கறுப்பு ஜன்னல் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு பெயர்கள் வந்தன. சரசரவென்று, படிக்க முடியாத வேகத்தில், நல்ல தமிழ் எழுத்தில், ஒவ்வொன்றின் வாலிலும் புதிய பக்க எண்ணோடு ஓடின. எத்தனை வேகமாக ஓடினாலும் சில பெயர்கள் கண்ணில் பட்டன. முங்கியவர்கள், முடுக்கியவர்கள், சுமந்தவர்கள்.

ஓட்டம் நின்றதும் அவர் அடைவுக் கோப்பைத் திறந்தார். ஏதாவது பத்துப் பெயரை எடுத்துப் பக்கத்தோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் இருந்தன. பிறகு, நடுவெழுத்தில் 'ன' வருகிற பெயர்களைத் தேடிப் போனார். அவை இருக்க வேண்டிய இடத்தில், அந்தந்த வரிசையின் கடைசியில், ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. இதற்காக அவள் எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது.

கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினார். மேசைமேல் கவிழ்ந்திருந்த போனுக்குள்ளிருந்து, "வந்துடுச்சு சார், வந்துடுச்சு," என்று சன்னமாகக் கேட்டது. மனைவி அதை எடுத்து, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று சொல்லி வைத்தாள்.

தங்கை இன்னும் லைனில் இருந்தாள். விசிறி டொக் டொக்கென்று தட்டியது.

"'ன' சரியா வந்திருக்கு," என்றார் அவர்.

"ம்."

"முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"முன்னாடி நீ ஓட்டவே இல்லையே."

கறுப்பு ஜன்னலை மூடப்போனவரின் கண் அதன் உச்சிக்குப் போனது. அங்கே பளிச்சென்ற நிறத்தில் ஓர் அறிவிப்பு, அவர் முதலில் திறந்தபோதே வந்து நின்றிருக்க வேண்டும்.

"ஏதோ எழுதியிருக்கு," என்றார். "புதிய பதிப்பு ஒண்ணு வந்திருக்காம். புதுப்பிக்கணுமாம்."

"ஆமா. நான் அனுப்பினது மழைக்கு முந்தின பதிப்பு. அதுக்கப்புறம் ரெண்டு மூணு வந்தாச்சு."

"இப்பத்தானே போட்டேன். கையில ஈரம்கூடக் காயல."

"இப்பவே போட வேணாம், அண்ணா. எதையும் தொடாத. நாளைக்குக் கூப்பிடு, சேர்ந்து போடலாம்."

"நாளைக்கா?"

"வேலை இருந்தா நாளன்னிக்கு."

"இல்ல இல்ல. நாளைக்கே கூப்பிடறேன்," என்றார். பிறகு, போனை வைக்காமலே, "அந்த விசிறியை யாரையாவது கூப்பிட்டுப் பாக்கச் சொல்லக்கூடாதா?" என்றார்.

"பாத்தாச்சு. அவன் கழட்டி மாட்டிட்டுப் போனதுலேர்ந்துதான் இப்படி."

மனைவி வாசல்நிலையை விட்டு நகர்ந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.